புதுக் கார் எடுக்கிறோம்: இந்தியக் கம்பெனி வண்டியா, தமிழ்நாட்டு ஆலையில் செய்த வண்டியா?

கோட்டையூர் பெரியவீடு

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். அதற்குள் புது வண்டி எடுத்துவிட வேண்டும் என்று அப்பச்சி சொல்லிவிட்டார்கள். இப்போது இருப்பது 2012 ஃபிகோ டீசல், மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் செய்தது, இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. பட்ஜெட் பத்திலிருந்து பன்னிரண்டு லட்சம். பணத்தில் சண்டை இல்லை, எந்தக் கம்பெனி என்பதில்தான் வீட்டில் தினமும் பஞ்சாயத்து.

பெரியப்பா மகன் மறைமலைநகர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருந்தான். ஃபோர்டு மூடியதும் அவன் கம்பெனியிலும் ஆள் குறைத்தார்கள், இவனும் வெளியே வந்தான். அதிலிருந்து அவனுக்கு ஒரே பிடிவாதம்: வெளிநாட்டுக்காரன் எந்த நாளும் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவான், டாடா அல்லது மஹிந்திரா மட்டும் எடு என்கிறான். அப்பச்சி நேர் எதிர். ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூரில் செய்கிறான், நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்க்கிறார்கள், டாடா நெக்ஸான் புனே பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது, இதில் எது நம் வண்டி என்று கேட்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட்

தம்பி, உங்கள் அண்ணன் நிலைமை எனக்கு நன்றாகப் புரியும். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. காரைக்குடியில் டிஎம்இ (மெக்கானிக்கல் டிப்ளமோ) முடித்துவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறியவன். நானும் நேரடியாக ஃபோர்டில் இல்லை, அதற்குப் பாகம் கொடுத்த ஒரு கம்பெனியில் இருந்தேன், பெயர் வேண்டாம். 2021 செப்டம்பர் 9 அன்று மதியம் போனில் செய்தி வந்தபோது லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் நிறுத்தவில்லை. சூப்பர்வைசர் மட்டும் வெளியே போய் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

பேப்பரில் சுமார் 4,000 பேருக்கு வேலை போகும் என்று போட்டார்கள். அது கம்பெனியின் நேரடி ஆட்கள் கணக்கு. பாகம் செய்தவன், காண்ட்ராக்ட்டில் இருந்தவன், கேன்டீன்காரன், கம்பெனி பஸ் ஓட்டியவன், சிங்கபெருமாள்கோவிலில் பேச்சிலர்களுக்கு ரூம் விட்டவன் எல்லாம் அந்தக் கணக்கில் வரவே மாட்டான். உள்ளே இருந்த பர்மனெண்ட் ஆட்களாவது 2022 மே கடைசியில் வேலைநிறுத்தம் செய்து இழப்பீட்டுக்குப் பேரம் பேச முடிந்தது. எங்களுக்குப் பேரம் பேச எதிரே ஆளே இல்லை. அந்த ஜூலையில் ஃபோர்டின் கடைசி எகோஸ்போர்ட் கார் வெளியே வந்தது, அதோடு கதை முடிந்தது.

ஆனால் மூடியதற்குக் காரணம் வெளிநாட்டுக்காரன் என்பது மட்டும்தான் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சென்னை ஆலையில் வருஷத்துக்கு 2 லட்சம் கார் செய்யலாம். அது நிறைவதற்கு முன்பே 100 கோடி டாலர் போட்டு குஜராத் சனந்தில் இன்னொன்று கட்டினார்கள், 2015இல் திறந்தார்கள், அங்கே இன்னும் 2.4 லட்சம். விற்றதோ இந்தியச் சந்தையில் 2 சதவீதத்துக்கும் கீழே. ஆயிரம் பேருக்குச் சமைத்துவிட்டு இருநூறு இலை போட்ட கதை. எகோஸ்போர்ட்டை அமெரிக்காவுக்கே ஏற்றுமதி செய்தார்கள், மறைமலைநகரில் செய்த வண்டி அமெரிக்காவில் ஓடியது என்று எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. அதுவும் போதவில்லை. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அவர்களே சொன்னார்கள். மஹிந்திராவோடு சேர்ந்து நடத்துவதாக 2019இல் ஒப்பந்தம் போட்டார்கள், 2020 கடைசியில் அதுவும் முறிந்தது. நாங்கள் உண்மையில் பயந்தது அப்போதுதான். 2013இல் எகோஸ்போர்ட் வந்தபோது புக் செய்துவிட்டு ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்புறம் அதே அளவுக்கு ஓடுகிற இன்னொரு வண்டி வரவில்லை. சுற்றி எல்லோரும் இரண்டு வருஷத்துக்கு ஒரு புது மாடல் இறக்கும்போது இவர்கள் அதே முகத்தைத் துடைத்துத் துடைத்து விற்றார்கள்.

புதுவயல் மில்காரன்

இரவு ஷிப்ட் அண்ணன் ரொம்ப நல்லவர், ஃபோர்டுக்காக வக்கீலும் ஆகிறார். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் வெளிநாட்டு வண்டி வாங்கினால் லாபம் வெளியே போகிறது. நஷ்டம் வந்தால் ஆலையைச் சாத்துகிறான். ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் இந்திய விற்பனையை நிறுத்தினான். வீட்டில் செவர்லே நிறுத்தியவன் எல்லாம் வாயைப் பிளந்தான். அப்புறம் ஃபோர்டு. அடுத்து யார் என்றுதான் கேள்வி. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டபோது வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கினான், குடை கூட இனாமாகக் கொடுத்தான் என்று படித்திருக்கிறோம். இனாம் குடைக்கு ஆசைப்பட்ட ஜனங்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், இப்போது சன்ரூஃப் கேட்கிறார்கள்.

டாடா எடுங்கள். கேள்வியே வேண்டாம்.

ஹெரால்டு ஐயா

புதுவயல் தம்பிக்கு. பள்ளத்தூரிலிருந்து ஒரு கிழவன் எழுதுகிறேன். எங்கள் வீட்டு ஷெட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை என்று ஒன்று இருந்தது உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. மறைமலைநகருக்கு வெகுகாலம் முன்பே சென்னையில் கார் ஆலை வந்து மூடியாகிவிட்டது. 1961இல் ஹெரால்டு, அப்புறம் அதையே நாலு கதவாக்கினார்கள், 70களில் கெஸல் என்று பெயர் மாற்றினார்கள். அடியில் இருந்தது ஏறக்குறைய அதே வண்டிதான்.

அந்தக் காலத்தில் எல்லோரும் உள்நாட்டு வண்டிதான் வாங்கினோம், தேசபக்தியால் அல்ல, வேறு கிடைக்காது. அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். வாங்குகிறவன் ஓடிப்போக வழியில்லை என்றால் செய்கிறவனுக்கு மெனக்கெட அவசியம் இல்லை. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்று இறக்கினார்கள். உடம்பு இங்கிலாந்தின் ரோவர், பார்க்க மந்திரி கார் போல இருக்கும். எஞ்சின் பழைய வேன்கார்டு காலத்துச் சரக்கு. விலையோ ஆனை விலை. அதற்குள் மாருதி 800 தெருவுக்கு வந்துவிட்டது. 80கள் முடிவதற்குள் ஆலை நின்றுபோயிற்று. அங்கே வேலை பார்த்தவர்களும் தமிழர்கள்தான் தம்பி, அதை மூடியது எந்த வெளிநாட்டுக்காரனும் இல்லை. உத்தரபாராவில் அம்பாசிடர் 2014 மே மாதம் நின்றதும் அப்படியே. பிர்லா குழுமத்துக் கம்பெனி, சுத்த சுதேசி.

இன்னொன்று. வ.உ.சி. டிக்கெட் மட்டும் வாங்கச் சொல்லவில்லை, ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். கம்பெனி நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. உங்களுக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் டாடா பங்கு வாங்குங்கள், காரை முதுகு வலிக்காத காராகப் பார்த்து எடுங்கள்.

நூறடி ரோடு பட்டறை

நான் பேச வந்தது வேறு. சுதேசி விதேசி எல்லாம் எனக்குத் தெரியாது. காரைக்குடி நூறடி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன், எல்லாக் கம்பெனி வண்டியும் வரும்.

முதலில் அந்த ஃபிகோ. நல்ல எஞ்சின். நடுவில் டைமிங் பெல்ட் மாற்றினீர்களா என்று பாருங்கள், மாற்றவில்லை என்றால் உடனே மாற்றுங்கள், அது அறுந்தால் எஞ்சினே போய்விடும். மூடிய கம்பெனி வண்டிக்குச் சாமான் கிடைக்காது என்று ஒரு பயம் கிளப்பிவிடுகிறார்கள். ஃபோர்டு போகும்போதே சர்வீஸும் உதிரியும் தொடரும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன் சாமான் எல்லாம் இன்றைக்கும் மதுரையில் சொன்னால் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கஷ்டம் எதில் என்றால் உடம்புச் சாமானில். ஹெட்லைட் உடைந்தது, பம்பர் போனது, கதவுக் கண்ணாடி மோட்டார் நின்றது என்றால் அப்போது நாள் ஆகும். அதற்குப் பழைய வண்டி உடைக்கிற இடங்களில் தேட வேண்டும். ஆகவே மூடிய கம்பெனி வண்டியை எக்ஸ்சேஞ்சில் கேட்கிற விலைக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஷோரூம்காரன் இந்தப் பயத்தை வைத்தே விலையை அடிப்பான்.

புது வண்டிக்கு வருகிறேன். எந்தக் கம்பெனி என்பதை விட, அந்த டீலருடைய காரைக்குடி சர்வீஸில் எத்தனை நல்ல ஆள் இருக்கிறான் என்று பாருங்கள். ஒரே கம்பெனி, மதுரையில் ஒரு மாதிரி இருக்கும், இங்கே வேறு மாதிரி இருக்கும். காலை பத்து மணிக்குப் போய்ச் சும்மா ஓரமாக உட்காருங்கள். யார் கத்துகிறார்கள், எதற்குக் கத்துகிறார்கள் என்று கேட்டாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

ஈப்போ ஆச்சி

ஹெரால்டு ஐயா சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் ஐயா காலத்தில் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்ய, வந்தது, மலேசியாவிலேயே தங்கிவிட்டோம். உள்நாட்டுக் கார் வாங்கச் சொல்லி ஒரு அரசாங்கமே முனைந்து நின்றால் என்ன ஆகும் என்பதை நாங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்தோம்.

மகாதீர் காலத்தில் 1983இல் புரோட்டான் ஆரம்பித்தார்கள், 1985இல் முதல் சாகா வந்தது. அடியில் மிட்சுபிஷி. வெளிநாட்டுக் கார் மேல் வரியைக் கன்னாபின்னாவென்று போட்டார்கள், அதனால் இங்கே எல்லோர் வீட்டிலும் புரோட்டான். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சாதாரண ஜப்பான் காருக்கு நாங்கள் கொடுத்த விலையை மற்ற நாட்டுக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். கார் கடனைக் கட்டியே ஒரு தலைமுறை போயிற்று. பவர் விண்டோ வேலை செய்யாத புரோட்டானைப் பற்றி இங்கே எத்தனையோ கேலிப் பேச்சு உண்டு. கடைசியில் 2017இல் சீனாவின் ஜீலி 49.9 சதவீதத்தை வாங்கியது. அதற்கப்புறம்தான் வண்டி நன்றாக வருகிறது, விற்கவும் செய்கிறது. இது எந்த ஊர் நியாயம் என்று நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் ஒன்று, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தஞ்சோங் மாலிம் பக்கம் அந்த ஆலையால் பிழைத்த குடும்பங்கள் நிறைய. எங்கள் சொந்தத்திலேயே ஒரு பையன் அங்கே இஞ்சினியராகச் சேர்ந்துதான் ஆளானான். வெறும் வீண் என்று சொல்ல எனக்கு மனது வராது. வாங்குகிறவர்கள் தலையில் விடிந்தது என்பதையும் மறைக்க முடியாது.

கோட்டையூர் பெரியவீடு

ஆச்சி, ஐயா, எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணே, டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது, பில் இருக்கிறது.

எனக்கு இன்னும் தெளியாதது இதுதான். நான் ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு லட்சம் கொடுத்தால் அந்தக் காசு எங்கே எங்கே போகிறது? டாடா என்றால் முழுக்க இங்கே, ஹூண்டாய் என்றால் முழுக்கக் கொரியாவுக்கு என்று அண்ணன் பேசுகிறான். அப்படியா?

சிட்டை எழுதுகிறவன்

ஆடிட்டர் ஆபீஸில் வேலை, அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி.

முதலில் அரசாங்கம் எடுக்கிறது. 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன வண்டிக்கு, பெட்ரோல் 1200 சிசி, டீசல் 1500 சிசிக்குள் என்றால், ஜிஎஸ்டி 18 சதவீதம். பெரிய வண்டிக்கு 40. அதற்கு மேல் மாநிலச் சாலை வரி, இன்சூரன்ஸ், டீலர் கமிஷன். இதெல்லாம் எந்தப் பெயர்ப்பலகையானாலும் இங்கேயே நிற்கிற காசு. மிச்சத்தில் பெரும் பகுதி உதிரிபாகம் வாங்கப் போகிறது. கடைசியில் கம்பெனிக்கு நிற்கிற லாபம் நீங்கள் நினைப்பதை விடச் சின்னத் துண்டு.

அந்தத் துண்டில்தான் உங்கள் அண்ணன் சொல்வது உண்மை. ஹூண்டாய் இந்தியா விற்பனையில் 3.5 சதவீதத்தைத் தாய்க் கம்பெனிக்கு ராயல்டியாகக் கொடுக்கிறது. 2024 அக்டோபரில் பங்கு வெளியீடு வந்ததே, 27,870 கோடி ரூபாய், இந்தியாவிலேயே அதுவரை அவ்வளவு பெரிய வெளியீடு வந்ததில்லை. அது முழுக்கத் தாய்க் கம்பெனி தன் பங்கை விற்றது. ஒரு பைசா கூட ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்குள் போகவில்லை, நேரே கொரியாவுக்கு. மாருதியை நம்மூர்க் கம்பெனி என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு: பாதிக்கு மேல் பங்கு சுசூகியிடம்.

சரி, அப்போது டாடா சுத்தத் தங்கமா? ஹாரியர் டீசல் எஞ்சின் பியட் வடிவமைத்தது, அடிச்சட்டம் லேண்ட்ரோவர் வழி வந்தது. மஹிந்திரா எக்ஸ்யூவி 300 கொரியாவின் சாங்யாங் டிவோலியை வைத்துச் செய்தது. டாடா குழுமம் இங்கிலாந்தில் 400 கோடி பவுண்டில் பேட்டரி ஆலை கட்டுகிறது. குறை சொல்லவில்லை. 2008இல் ஜாகுவாரையும் லேண்ட்ரோவரையும் டாடா யாரிடம் வாங்கினார்கள்? இதே ஃபோர்டிடம், 230 கோடி டாலருக்கு. சனந்தில் ஃபோர்டு விட்டுப் போன ஆலையையும் டாடாவே 725 கோடிக்கு எடுத்து 2023 ஜனவரியில் கைக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, மூடிய ஆலைகளில் ஒன்று சுதேசி ஆகிவிட்டது. சென்னையில் மட்டும் அப்படி ஒருவரும் வரவில்லை.

இரவு ஷிப்ட்

சிட்டை சார் சொன்ன உதிரிபாகம்தான் விஷயமே. வேலை என்று பார்த்தால் ஆலைக்குள் இருப்பவனை விட வெளியே பாகம் செய்கிறவன் அதிகம். பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் எல்லாம் ஒரு கம்பெனியை நம்பி இல்லை, பல கம்பெனிக்கும் கொடுக்கிறார்கள். புனேயில் செய்கிற வண்டியிலும் தமிழ்நாட்டுப் பாகம் உட்கார்ந்திருக்கும். ஃபோர்டு போனபோது பல பேருக்குப் பாகம் கொடுத்த கம்பெனிகள் தாக்குப்பிடித்தன. ஒரே வாடிக்கைக்காரனை நம்பியிருந்தவைதான் படுத்தன. நான் இருந்தது இரண்டாவது ரகம்.

வடிவமைப்பு என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. மஹிந்திராவின் ஆராய்ச்சிக் கூடம் செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா சிட்டியில் இருக்கிறது, வண்டி ஓட்டிப் பார்க்கிற டிராக் செய்யாறில் இருக்கிறது. வண்டி செய்வது மகாராஷ்டிராவில். ஹூண்டாய் கொரியாவில் வரைந்து இங்கே செய்கிறான். மஹிந்திரா இங்கே வரைந்து அங்கே செய்கிறான். இஞ்சினியரிங் முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஒன்று இனிக்கும், டிப்ளமோ முடித்த பிள்ளை இருந்தால் இன்னொன்று இனிக்கும்.

புதுவயல் மில்காரன்

எல்லோரும் சேர்ந்து குழப்பிவிட்டீர்கள். கடைசியில் லாபம் யாருக்கு, முடிவு எடுக்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான், அதை மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் மிச்சிகனில் உட்கார்ந்துகொண்டு நம் மறைமலைநகரைச் சாத்தினான். அவனுக்குச் சிங்கபெருமாள்கோவில் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? மும்பையில் இருப்பவன் அவ்வளவு லேசாகச் சாத்த மாட்டான், அரசாங்கம் விடாது.

ஹெரால்டு ஐயா

மும்பைக்காரன் சாத்துவதற்கு எத்தனையோ மில் சாட்சி இருக்கிறது தம்பி. ஆனால் முடிவெடுக்கிறவன் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பர்மாவில் வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதிய எங்கள் முன்னோரிடம் கேட்டிருந்தால் அவர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

செக்ரி ரோடு

மின்சார வண்டி பற்றி ஒருவரும் பேசவில்லையே. நான் இங்கே ஆராய்ச்சி மாணவன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்குச் செக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்தது எல்லோருக்கும் தெரியும், 1953இல் திறந்தார்கள். பேட்டரி ஆராய்ச்சி நம் ஊரில் நடக்கிறது. ஆனால் ரோட்டில் ஓடுகிற மின்சாரக் காரின் பேட்டரிக்குள் இருக்கும் செல் எங்கிருந்து வருகிறது? மஹிந்திரா பிஇ 6இல் இருப்பது சீனாவின் பிஒய்டி செல். வடிவமைப்பு இங்கே, கம்பெனி இங்கே, மின்சாரக் காரில் மிக விலை கூடிய சாமான் மட்டும் அங்கிருந்து. ஸ்ரீபெரும்புதூரில் கிரெட்டா மின்சார வண்டியும் 2025 ஜனவரியில் வந்துவிட்டது. பேட்டரிப் பெட்டியை இங்கே கட்டுகிறார்கள் என்பதற்கும் செல்லையே இங்கே செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் தூரம்.

அதனால் உள்நாட்டு வண்டிதான் வேண்டும் என்கிறவர்கள் மின்சார வண்டி எடுத்தால், காசில் எவ்வளவு வெளியே போகிறது என்று சிட்டை சாரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு எடுங்கள். பெட்ரோல் வண்டியே கூட இந்தக் கணக்கில் அதிகச் சுதேசியாக வரலாம், பெட்ரோலை எங்கிருந்து கொண்டுவருகிறோம் என்பதை மறந்துவிட்டால்.

மட்டுறுத்துநர்

நடுவில் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தச் சமூகத்தார் எந்தக் கார் ஓட்டுகிறார்கள் என்பது இங்கே பேச்சு இல்லை. கார் பற்றி மட்டும்.

திருப்பத்தூர் பைபாஸ்

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்போதும் குழப்பம் வருகிறது.

ஒரு விஷயம் எல்லோரும் கவனிக்கவில்லை. கோட்டையூர் அப்பச்சி ஹூண்டாய் என்றால் ஸ்ரீபெரும்புதூர் என்று நினைக்கிறார்கள். 2025 நவம்பரில் வந்த புது வென்யூ அங்கே செய்வதில்லை. மகாராஷ்டிரா தலேகாவ்ன் ஆலையில் செய்கிறார்கள். அது யார் ஆலை? ஜெனரல் மோட்டார்ஸ் 2020 கடைசியில் நிறுத்திவிட்டுப் போன ஆலை, ஹூண்டாய் வாங்கிக்கொண்டான். அந்தப் பக்கம் டாடா ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் 9,000 கோடியில் ஆலை போட 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இன்றைக்குக் கொரியாக்காரன் வண்டி புனே பக்கத்திலிருந்து வருகிறது, டாடா வண்டி ராணிப்பேட்டைக்கு வருகிறது. வீட்டில் இந்தச் சண்டையைத் தொடர்ந்து போட்டால் வருஷா வருஷம் கட்சி மாற வேண்டியிருக்கும்.

நம் மாவட்டத்துப் பையன்களுக்குத் தூத்துக்குடி சென்னையை விடப் பக்கம். அங்கே வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் ஆலை திறந்துவிட்டான். என் மச்சான் மகன் அதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். அவனிடம் வியட்நாம்காரன் வண்டி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நானே அந்த வண்டியை எடுப்பேனா என்றால், காரைக்குடியில் சர்வீஸ் வரட்டும் பார்க்கலாம்.

நூறடி ரோடு பட்டறை

அதே. அதே.

ஈப்போ ஆச்சி

ஃபோர்டு திரும்பி வருகிறது என்று சொன்னார்களே, என்ன ஆயிற்று?

இரவு ஷிப்ட்

ஆச்சி, வருகிறது, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. ஜேஎஸ்டபிள்யூ என்கிற இந்தியக் குழுமத்துக்கு ஆலையை விற்கப் போவதாக இருந்தது, 2023 கடைசியில் வேண்டாம் என்று விட்டார்கள். 2024 செப்டம்பரில் முதலமைச்சர் அமெரிக்கா போனபோது, ஏற்றுமதிக்காக மறுபடி திறக்கிறோம் என்று கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் கடைசியில் ஒப்பந்தம் ஆனது: 3,250 கோடி முதலீடு, வருஷத்துக்கு 2,35,000 எஞ்சின், 2029இல் ஆரம்பம், 600 பேருக்கு மேல் வேலை. கார் இல்லை, எஞ்சின் மட்டும்.

எங்கள் பழைய வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைக்கு ஒரே ஆரவாரம். ஒருவன் பழைய ஐடி கார்டைப் போட்டோ எடுத்துப் போட்டான். நான் சந்தோஷப்பட்டேன், உண்மை. ஆனால் எங்களில் பாதிப் பேர் இப்போது ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டில் ஆகிவிட்டார்கள். ஒருவன் ஸ்விக்கி ஓட்டுகிறான். 2029இல் அவனுக்கு என்ன வயதாகும், புதிதாக எடுக்கும்போது அவனை யார் எடுப்பார்கள்? இன்னும் பாருங்கள், எஞ்சினில் எத்தனை உதிரி, ஒரு முழுக் காரில் எத்தனை உதிரி. சீட் செய்தவன், டேஷ்போர்டு செய்தவன், கண்ணாடி மாட்டியவன் யாருக்கும் இதில் வேலை இல்லை. ஆலை திறந்தது என்று பலகை வைக்கலாம், சுற்றியிருந்த பழைய ஊர் அப்படியே திரும்பாது.

ஆகவே கோட்டையூர்த் தம்பி, உங்கள் அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 2021இல் நாம் எல்லோரும் ஆளுக்கு ஒரு எகோஸ்போர்ட் வாங்கியிருந்தாலும் அந்த ஆலை பிழைத்திருக்காது. இரண்டு ஆலையில் 4.4 லட்சம் வண்டிக்கு இடம் போட்டுவிட்டவனைக் காரைக்குடித் தாலுகா காப்பாற்றாது. கோபம் நியாயம்தான், எனக்கும் இருக்கிறது. அதைத் தங்கை கல்யாணக் காரில் காட்ட வேண்டாம்.

புதுவயல் மில்காரன்

நான் என் பேச்சிலிருந்து மாறவில்லை. எல்லோரும் இப்படித் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தால் எந்த நாட்டுக் கம்பெனியும் எழுந்திருக்காது. 1998இல் டாடா இண்டிகா வந்தபோது எங்கள் அப்பச்சி எடுத்தார்கள், எத்தனை தடவை பட்டறையில் நின்றது என்று ஊருக்கே தெரியும். அப்படிப் பொறுத்துக்கொண்டு வாங்கியவர்கள் இருந்ததால்தான் 2018இல் நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, 2024இல் பஞ்ச் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் ஆனது, நாற்பது வருஷமாக மாருதியிடம் இருந்த இடம். அந்தக் காசு எங்கள் அப்பச்சி போன்றவர்கள் கொடுத்தது. இதற்குப் பதில் சொல்லுங்கள் ஐயா.

ஹெரால்டு ஐயா

பதில் இல்லை. இது நல்ல பாயிண்ட். ஆனால் இண்டிகா காலத்தில் ஹூண்டாய் சாண்ட்ரோ பக்கத்துக் கடையில் இருந்ததால்தான் டாடா திருந்தினான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெரால்டுக்கு அப்படிப் பக்கத்துக் கடை இல்லை.

கோட்டையூர் பெரியவீடு

வீட்டில் இந்த இழையை மொத்தமாகப் படித்துக் காட்டினேன். வென்யூ விஷயத்தைக் கேட்டதும் அப்பச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சரி, எதுவானாலும் ஏறி இறங்கச் சுலபமாக இருக்க வேண்டும், அப்பத்தாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறான், ஆனால் ஷோரூமுக்கு வருகிறேன் என்றான்.

பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு சர்வீஸ் சென்டரில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பெயர் சொல்லவில்லை. ஒன்றில் ஒருவர் ஏசி வேலைக்காகத் திரும்பத் திரும்ப வருகிறாராம், கத்திக்கொண்டிருந்தார். இன்னொன்றில் கூட்டம் இருந்தது, சத்தம் இல்லை, வேலை செய்கிற பையனே வெளியே வந்து என்ன மாற்றினேன் என்று காட்டினான். அந்த இரண்டாவது இடம் தற்செயலாக இந்தியக் கம்பெனி. அதையே முடிவு செய்யப் போகிறோம், நாலு மீட்டருக்குள், பெட்ரோல். புதுவயல் அண்ணன் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் கடைசியில் எடுத்தால் தள்ளுபடி என்கிறார்கள், எடுக்கலாமா?

நூறடி ரோடு பட்டறை

எடுக்கலாம், ஆனால் வருஷக் கடைசித் தள்ளுபடி சும்மா வராது. ஆர்சியில் பழைய வருஷம் விழும், விற்கும்போது ஒரு வருஷம் பழசு என்று விலை குறைப்பான். பத்து வருஷம் வைத்து ஓட்டுவீர்கள் என்றால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் சேஸிஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள், அதில் தயாரித்த மாதமும் வருஷமும் குறியீட்டில் இருக்கும், எந்த எழுத்து எந்த மாதம் என்று டீலரையே சொல்ல வையுங்கள். மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியாக இருந்தால் டயரையும் பேட்டரியையும் பார்த்து வாங்குங்கள். படம் எடுத்து இங்கே போட்டாலும் பார்த்துச் சொல்கிறேன்.